கடலுக்கு சைரன் கிடையாது!

'நாலு நாள் லீவு வேண்டும் என்று எங்கள் மேனேஜரிடம் போய் நிற்பதற்குப் பதில், நீச்சல் தெரியாமல் திருச்செந்தூர் கடலில் குதித்துவிடலாம்!'

ஆபீஸ் கேன்டீனில் ரொம்ப நாளாக நான் அடித்துக்கொண்டிருந்த ஜோக் இது. போன மே மாதத்தோடு நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். சென்னையில் ஒரு பிரைவேட் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கிறேன். சொந்த ஊர் ஆத்தூர். உடனே 'சேலம் ஆத்தூரா?' என்று கேட்பீர்களே... எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இல்லை சார், இது தூத்துக்குடி ஆத்தூர். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினால், முக்காணியில் தாமிரபரணிப் பாலம் தாண்டியதும் வருமே, அதுதான். கொடிக்கால் ஊர். எங்கள் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் 'சேலமா?' நின்றபாடில்லை.

ஒரு மனைவி, இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு எட்டு வயசு. சின்னவனுக்கு நாலரை. இவர்கள் போக, ஒரு மச்சினன். வேலை தேடுகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. வேலை எங்கே இருக்கிறது என்று இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை. என் புதுச் சட்டைகள் எங்கே இருக்கின்றன என்பது மட்டும் முதல் வாரமே பிடிபட்டுவிட்டது.

கோடை லீவு வந்ததும் வீட்டில் அமைச்சரவை கூடியது. பெரியவளுக்கு தீம் பார்க் வேண்டும். சின்னவனுக்குக் கடல் வேண்டும். மனைவிக்கு ஊருக்குப் போக வேண்டும். எனக்குத் தூங்க வேண்டும். மச்சினன் மட்டும் எந்தக் கோரிக்கையும் வைக்கவில்லை. "எங்க போனாலும் நானும் வரேன் அத்தான்" என்றான். அவனுக்கு ஐந்தாவது டிக்கெட் என்பது என் மனசுக்குள் சிவப்பு மையில் பதிவானது.

கடைசியில் கூட்டணி உடன்பாடு ஏற்பட்டது. சனிக்கிழமை தீம் பார்க். ஞாயிறு சாயங்காலம் எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ். அப்புறம் நாலு நாள் ஆத்தூர், திருச்செந்தூர், கடல். என்னுடைய தூக்கத்துக்கு ஒரு தொகுதிகூட ஒதுக்கப்படவில்லை.

*

எங்கள் காலத்தில் தீம் பார்க் ஏது? ஆகஸ்ட் பிறந்தால் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. அங்கே ராட்டினம், அப்பளம், பலூன். அவ்வளவுதான் கேளிக்கை. ஸ்கூல் டூரில் ஒரு தடவை சென்னைக்கு வந்தபோது வி.ஜி.பி. கோல்டன் பீச்சில் அந்தச் சிலை மனிதரைப் பார்த்தோம். ஆடாமல் அசையாமல் நிற்பாரே, அவர்தான். சிரிக்க வைக்க நாங்கள் போடாத கோமாளித்தனம் இல்லை. மனிதர் அசையவில்லையே! அந்த மாதிரி ஒரு முகத்தை அதற்குப் பிறகு என் மேனேஜரிடம்தான் பார்க்கிறேன். லீவு லெட்டரை நீட்டும்போதெல்லாம்.

டெல்லியில் 'அப்பு கர்' 1984-ல் வந்தது. நம் தாம்பரம் பக்கம் 'கிஷ்கிந்தா'வை 1995-ல் திறந்தவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்த அதே அப்பச்சன்தான். அப்புறம் ஊருக்கு ஊர் வந்துவிட்டன.

இதற்கெல்லாம் தாத்தா, அமெரிக்காவில் 1955 ஜூலை 17-ம் தேதி திறந்த டிஸ்னிலேண்ட். அது பிறந்த கதையை வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பார்க். அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா பெஞ்ச்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டே சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். 'பிள்ளைகள் மட்டும் விளையாட, அப்பன் பெஞ்ச் தேய்க்க வேண்டியதுதானா? பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருந்தால் என்ன?' என்று அப்போது தோன்றியதாம்.

அருமையான யோசனை. அவர் பார்க்கைத் திறந்து எழுபது வருஷம் ஆகிவிட்டது. உலகத்தில் எந்த தீம் பார்க்குக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அப்பன்கள் எல்லாம் பெஞ்ச்சில்தான் இருக்கிறார்கள்!

நாங்கள் போன பார்க்கிலும் அப்படித்தான். பேர் வேண்டாம், எல்லா பார்க்கும் ஒன்றுதான். வெளிச் சாப்பாடு கூடாது என்று மனைவி கட்டி வந்த புளியோதரை வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஒரு தோசை விலையைக் கேட்டதும், மாவு மிஷினையும் சேர்த்துத் தருவார்களோ என்று நினைத்தேன். தண்ணீரில் இறங்க நைலான் உடை வேண்டும் என்றார்கள். பருத்தி பனியனோடு இத்தனை வருஷம் மானமாக வாழ்ந்த நான் பச்சை நைலானில் அல்லாடுவதா? "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றேன்.

அன்று முழுக்க ஐந்து ஜோடி செருப்பு, மூன்று பை, ஒரு கைப்பை, மச்சினனின் மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுக்கு நான்தான் காவல். பக்கத்து பெஞ்ச்சுகளிலும் என்னைப் போலவே நாலைந்து பேர். ஒருவரையொருவர் பார்த்து ஜெயில் நண்பர்கள் மாதிரி சிரித்துக்கொண்டோம். எல்லார் கையிலும் செல்போன்.

மச்சினன்தான் குழந்தைகளோடு எல்லாவற்றிலும் ஏறினான். ஒரு ரைடு வாசலில் உயரம் அளக்கிற கோல். சின்னவன் நுனிவிரலில் நின்றும் இரண்டு இஞ்ச் போதவில்லை. அழுதான். "நானும் போவல மருமகனே, வா" என்று மச்சினன் வரிசையை விட்டு விலகி வந்தான். அந்த ரைடுக்கும் சேர்த்துத்தான் அவனுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்ற கணக்கு எனக்கு வலித்தது. அக்கவுன்ட்ஸ் புத்தி!

மத்தியானம் அலைக்குளத்துக்குப் போனார்கள். செயற்கை அலை. ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால் மிஷின்கள் தண்ணீரைத் தள்ளும். மறுபக்கம் அலை அலையாய் வரும். நேரம் வந்ததும் 'பாம்ம்ம்' என்று ஒரு சைரன். ஜனங்கள் ஓ என்று கத்திக்கொண்டு இறங்குவார்கள். பத்து நிமிஷம் ஆட்டம். மிஷினை நிறுத்தினால் குளம் தட்டில் ஊற்றிய மோர் மாதிரி அடங்கிவிடும். உயரமான நாற்காலியில் விசிலோடு ஒரு பையன் உட்கார்ந்து, யாராவது ஆழத்துக்குப் போனால் ஊதுவான்.

சின்னவனுக்கு அந்தக் குளம் ரொம்பப் பிடித்துப்போனது. சைரன் அடித்தால் மாமா இடுப்பில் தொற்றிக்கொள்வான். அடங்கியதும் இறங்கி முழங்கால் தண்ணீரில் தனியாக நடப்பான். அடுத்த சைரனுக்கு மறுபடியும் தொற்றிக்கொள்வான். நாலைந்து தடவையில் பாடம் மனப்பாடம்.

மறுநாள் ரயிலில், தாம்பரம் தாண்டியதும் கேட்டான்:

"அப்பா, திருச்செந்தூர் கடல்ல எத்தனை மணிக்கு சைரன் அடிப்பாங்க?"

கம்பார்ட்மென்ட்டே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். உடனே அதை டைப் செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். ஆபீஸ் நண்பர்கள் சிரிப்பு பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். எனக்கு ஏகப் பெருமை.

ஒன்றே ஒன்றுதான் விட்டுப்போயிற்று. கேட்டவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

*

ஆறுமுகநேரியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆத்தூர். அப்பா கொடிக்காலில் இருந்தார். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டதே... காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த வெள்ளத்தில் எங்கள் கொடிக்கால் முழுக்கப் போய்விட்டது. அகத்தி நட்டு, கொடி ஊன்றி, எழுபது வயசுக்கு மேல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார் அப்பா. "சென்னைக்கு வந்துடுங்கப்பா" என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "அங்க வந்து நான் என்னத்தல பண்ண?" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மறுநாள் காலையில் திருச்செந்தூர். அப்பா தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று வரவில்லை. அம்மா, மனைவி, குழந்தைகள், மச்சினன், நான். சின்னவனுக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல். போட்டோம். வழுவழுவென்று தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, காத்து நேரா மண்டைக்குள்ள போவுது" என்றான்.

திருச்செந்தூரில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் கடலில் குளியல். அப்புறம் நாழிக்கிணற்றுத் தண்ணீர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படி ஒரு நல்ல தண்ணீர் ஊறுவது அதிசயம்தான். அதற்குப் பிறகு தரிசனம்.

கடலிலும் எல்லாரும் சேர்ந்துதான் குளித்தோம். நான் கணுக்கால் அளவு. நீச்சல் தெரியாது என்று சொன்னேனே... கடற்கரைப் பக்கம் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்காதீர்கள். சென்னையில் பிறந்த எத்தனை பேருக்கு மெரினாவில் நீந்தத் தெரியும்?

எங்கள் பக்கத்துக் கடலைச் சாதுவாக நினைத்துவிடக் கூடாது. ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள், பாக் நீரிணைப் பக்கத்தைப் 'பெண்கடல்' என்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கத்தை 'ஆண்கடல்' என்பார்கள். திருச்செந்தூர் இந்த ஆண்கடலின் கரையில் இருக்கிறது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

கொஞ்ச நேரத்தில் அம்மாவும் மனைவியும் பெரியவளைக் கூட்டிக்கொண்டு நாழிக்கிணற்றுக்குக் கிளம்பினார்கள். "வரிசை பெரிசா இருக்கும், நாங்க முன்னாடி போய் நிக்கறோம். சின்னவனைப் பாத்துக்குங்க" என்றாள் மனைவி.

"ம்" என்றேன்.

இந்த 'ம்' இருக்கிறதே, கல்யாணமான ஆண்கள் கண்டுபிடித்த மிகப் பெரிய சாதனம் இதுதான். காதில் விழுந்தது என்று இதற்கு அர்த்தம். மண்டையில் ஏறியது என்று அர்த்தமில்லை.

அப்போது பார்த்து போன் அடித்தது. மேனேஜர்!

"அந்த வெண்டார் பேலன்ஸ் ஃபைலை எங்கப்பா வெச்சிருக்கே? ஆடிட்டர் வந்து உக்காந்திருக்கார்..."

அலைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு மணலில் பத்தடி மேலே ஏறினேன். 'டி டிரைவ் சார்... இல்ல சார், ஏப்ரல் ஃபோல்டர்... அதுக்குள்ள ஃபைனல்னு ஒண்ணு இருக்கும், அது இல்ல, ஃபைனல் டூ...' முதுகு கடலுக்கு. முகம் கோபுரத்துக்கு. மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். போனில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது: ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி.

திரும்பினேன். சின்னவனைக் காணோம்.

முதலில் பயம் வரவில்லை. இங்கேதான் இருப்பான் என்று கண் தேடியது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. கடற்கரை முழுக்க மொட்டைகள்! சந்தனம் பூசிய மொட்டை, பூசாத மொட்டை, ஈர மொட்டை, காய்ந்த மொட்டை. நாலைந்து வயசுப் பையன்கள் அத்தனை பேரும் ஒரே அச்சு. முடியோடு இருந்தால் நூறு பேருக்கு நடுவே என் பிள்ளையைப் பின்னந்தலையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். இந்தப் புது மண்டை எனக்கே பழக்கமில்லை. ஒரு பையனின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். யாரோ. இன்னொருவன். அவனும் யாரோ. அந்தப் பையனின் அம்மா என்னை முறைத்தாள்.

பேர் சொல்லிக் கத்தினேன். நூறு பேர் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. முருகா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை சார். கால் ரெண்டும் மணலுக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து மச்சினன் நடந்து வந்தான். இடுப்பளவு ஆழத்திலிருந்து. தோளில் ஈரத் துணி மாதிரி ஒரு மொட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

மணலில் உட்கார வைத்து முதுகில் தட்டினான். சின்னவன் இருமினான். உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தான். மூக்கில், கண்ணில் எல்லாம் மணல். அழ ஆரம்பித்தான். அழுகை இவ்வளவு இனிமையான சங்கீதம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"நீங்க போனை எடுத்தப்பவே பாத்தேன் அத்தான். அதான் அவனுக்குக் கீழ்ப்பக்கமா போய் நின்னேன். ஒரு அலை வந்துச்சு. அசையாம நின்னான். அது திரும்பிப் போகும்போது காலுக்கடியில மண்ணை அரிச்சிடுச்சு. உக்காந்துட்டான். அடுத்த அலை மேலே வந்து உருட்டிடுச்சு. சத்தமே இல்ல அத்தான். ஒரு 'அம்மா'கூட இல்ல" என்றான் மச்சினன். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சின்னவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டான்:

"சைரன் அடிக்கவே இல்லையேப்பா?"

*

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மாடியில் படுத்துக்கொண்டு, தண்ணீரில் மூழ்குவதைப் பற்றி செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். உங்களுக்கும் உபயோகப்படும், சொல்லிவிடுகிறேன்.

சினிமாவில் மூழ்குகிறவன் கையை ஆட்டி, 'காப்பாத்துங்க' என்று மூன்று தடவை கத்துவான். நிஜத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லையாம். மூச்சு வாங்கவே வாய்க்கு நேரம் போதாதபோது கத்துவது எப்படி? சின்னக் குழந்தை சத்தமில்லாமல் போய்விடும். ஆழம்கூட வேண்டாம், ஒரு பக்கெட் தண்ணீர் போதும். 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஏறக்குறைய நாலில் ஒன்று, ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தை. என் பையனுக்கு நாலரை.

வாலிபர்களுக்கும் ஒன்று. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பும்போது சில இடங்களில் ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து உள்ளே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவனும் அதை எதிர்த்து நேராகக் கரைக்கு நீந்தினால் களைத்துப்போவான். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாத நண்பனைக் காப்பாற்ற நீச்சல் தெரியாத நாலு பேர் குதிப்பது வீரம் இல்லை. கயிறோ, கட்டையோ, காலி கேனோ, எதையாவது வீச வேண்டும்.

அன்று அந்தக் கடற்கரையில் பெரியவர்களுக்கா பஞ்சம்? எத்தனை பேர் நின்றோம்! கூட்டத்தில் ஆபத்தே அதுதான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்போம். அலைக்குளத்தில் அப்படியில்லை. நாற்காலி போட்டு, விசில் கொடுத்து, சம்பளம் கொடுத்து ஒருவனை உட்கார வைத்திருந்தார்கள். அந்த தைரியத்தில் நான் பெஞ்ச்சில் போன் பார்த்தேன். அதே பழக்கத்தோடு கடலுக்கும் போனேன். சைரனை எதிர்பார்த்தவன் என் பிள்ளை மட்டுமில்லை. நானும்தான்.

மச்சினன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டான்' என்பதோடு சரி. அவன் மறைத்தது எனக்காக என்று புரிந்தது. ஆனால் அந்தத் தயவைச் சுமந்துகொண்டு எத்தனை நாள் வளைய வருவது? நானே எழுந்து போய் மனைவியிடம் முழுசாகச் சொன்னேன். அவள் கத்தவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவனைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். வெற்றிலையை வேட்டியில் துடைத்து, காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். சொன்னேன். மெல்ல ஆரம்பித்தார்.

"எனக்கு எட்டு வயசு இருக்கும். தூத்துக்குடியில முத்துக்குளிப்பு. அதுதான் கடைசிக் குளிப்பு, 61-ல. எங்க அப்பா கூட்டிட்டுப் போனா. சிப்பியைக் குமிச்சுப் போட்டு ஏலம் விடுவாங்க. நாத்தம்னா அப்படியொரு நாத்தம்... குளிக்கிறவன் கல்லைக் காலில மாட்டிக்கிட்டு சர்ருனு அடியில போயிருவான். மூச்சடக்கி எம்புட்டு நேரம் இருப்பான்? ஒரு நிமிசம், ஒண்ணே கால் நிமிசம். மேல வள்ளத்துல ஒருத்தன் கயித்தைப் பிடிச்சிட்டு நிப்பான். கீழ இருந்து ஒரு சுண்டு சுண்டுனா, மேல இருக்கவன் இழுக்கணும். யாரைக் கயிறு பிடிக்கச் சொல்லுவாங்க தெரியுமால?"

"யாரைப்பா?"

"மச்சினனை. அப்படித்தான் பெரியவங்க சொல்லுவாங்க. அண்ணன் தம்பி பிடிச்சா பங்குல கண்ணு போயிரும். மச்சினன்னா அவன் அக்கா தாலில்லா அந்தக் கயித்துல தொங்குது! விடுவானா? 'மலை ஏறப் போனாலும் மச்சான் துணை வேணும்'னு சும்மாவா சொன்னான்?"

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் மென்றார்.

"கயிறு பிடிக்கிறவனுக்கு ஒரே வேலைதாம்ல. வேற சோலி பாக்கப்படாது."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து கொடிக்காலுக்குப் போய்விட்டார். என்னைத் திட்டினாரா, மச்சினனைப் பாராட்டினாரா என்று இன்றுவரை தெரியாது.

*

அடுத்த நாள் கடலுக்குப் போக வேண்டாம் என்றுதான் முதலில் முடிவு. ஆனால் சின்னவன் கிணற்றடிக் குழாயைத் திறந்தால்கூட உள்ளே ஓடினான். இப்படியே சென்னைக்குக் கூட்டிப் போனால் காலம் முழுக்கத் தண்ணீரென்றால் பயப்படுவான் என்று மனைவிதான் (பேச ஆரம்பித்துவிட்டாள்!) சொன்னாள்.

மணப்பாடு போனோம். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் வந்த ஊர். மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே வளைந்து கிடக்கிற கடல். கூட்டம் இல்லை. தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அங்கிருந்த மீனவர் ஒருவரிடம் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று கேட்டுக்கொண்டோம். கேட்பதற்குக் காசா பணமா? கடலை அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

செல்போனை அம்மாவிடம் கொடுத்தேன். பேன்ட்டைச் சுருட்டினால் ஈரமாகும் என்று, கடைசியில் மச்சினனின் நைலான் டவுசரையே வாங்கிப் போட்டுக்கொண்டேன். பச்சைக் கலர். கேட்காதீர்கள்.

சின்னவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன். விரலைப் பிடித்தால் வழுக்கிவிடும், மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும் என்று மச்சினன் சொல்லிக் கொடுத்தான். ரயிலில் சொல்லாத பதிலை அங்கே சொன்னேன்.

"கடலுக்கு சைரன் கிடையாதுடா."

"அப்போ அலை வருதுன்னு யாரு சொல்லுவா?"

"நான் சொல்றேன்."

கொஞ்சம் யோசித்தான். சந்தேகமாகப் பார்த்தான்.

"போன் வந்தா?"

"போன் ஆச்சிகிட்ட இருக்கு."

திரும்பி ஆச்சியைப் பார்த்தான். அவள் மடியில் போன் இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டான். ஆடிட்டர் தோற்றார்! அதற்குப் பிறகுதான் ஒரு அடி எடுத்து வைத்தான். ஒரு சின்ன அலை வந்தது. நான் "பாம்ம்ம்..." என்று சைரன் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே என் இடுப்பில் தொற்றிக்கொண்டான். பெரியவளும் ஓடிவந்து அந்தப் பக்கம் தொற்றினாள். ஒரு மணி நேரம் தொண்டை கட்டும் வரைக்கும் சைரன் அடித்தேன். டிஸ்னிக்குப் பெஞ்ச்சில் தோன்றியது எனக்கு மணப்பாட்டில் கிடைத்தது. டிக்கெட் செலவு இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். குளமோ, ஆறோ, கடலோ, ஒரு ஆள் 'காவல்'. பேர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். காவல்காரன் கையில் போன் கூடாது, முறுக்கு கூடாது. அலுத்துப் போனால் இன்னொருவர் பேரைச் சொல்லி, அவர் 'சரி' என்று வாய் திறந்து சொன்ன பிறகே நகரலாம். 'ம்' செல்லாது.

சென்னை வந்ததும் நீச்சல் வகுப்பில் சேர்ந்தோம். பெரியவள், சின்னவன், நான். முப்பத்தெட்டு வயசில், ஏழு வயசுப் பிள்ளைகளோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடித்துப் பழகுகிறேன். இருபத்திரண்டு வயசுக் கோச், "அங்கிள், முட்டியை மடக்காதீங்க" என்று எல்லார் முன்னாலும் கத்துகிறார். பெரியவள் மிதக்கிறாள். நான் இன்னும் மிதக்கவில்லை. மிதப்பேன்.

லீவு முடிந்து ஆபீஸ் போனதும் மேனேஜர் கூப்பிட்டார். "என்னப்பா, மூணாம் நாள் பூரா போனே எடுக்கலையே. எங்கே போனே?" என்றார்.

"கயிறு பிடிச்சிட்டிருந்தேன் சார்" என்றேன்.

சிலை மனிதர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்குப் புரியவில்லை. அவருக்கும் ஊரில் இரண்டு குழந்தைகள் இருக்கின்றன. ஒரு நாள் கேன்டீனில் உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

மச்சினனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. போன வாரம் இன்டர்வியூவுக்குப் போனான். பீரோவைத் திறந்து பார்த்தேன். தீபாவளிக்கு என்று எடுத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த நீலச் சட்டையைக் காணோம்.

இஸ்திரிப் பெட்டியும் சூடாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டு போகட்டும் என்று பீரோவை மூடினேன்.